தாது வருஷத்துத் தாலி

எங்கள் ஆயாவின் ஆயா செத்த அன்று பிணத்தை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டதாம். தூக்க ஆளில்லாமல் இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சுமங்கலியாக எடுப்பதா, தாலியை அறுத்துவிட்டு எடுப்பதா என்று அம்மையார்குப்பத்துப் பெரிய மனுஷர்களுக்குத் தெரியவில்லை. புருஷன் இருக்கிறானா, செத்தானா? சொல்ல ஆளில்லை. நாற்பத்து நாலு வருஷமாக இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் கப்பல் ஏறியவன். வெயில் ஏற ஏறப் பேச்சும் ஏறியிருக்கிறது. கடைசியில் ஒரு கிழவர், "பேசிக்கினே இருந்தா பொணம் நாறிப்பூடும், பொட்டு வெச்சி எடுங்கடா" என்றாராம். அப்படித்தான் அவளுக்குத் தீர்ப்பு ஆனது. எங்கள் ஆயா அப்போது பாவாடை கட்டிய பெண். தார் சுற்றிக்கொண்டே இதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு தரமும் அந்த இடம் வந்ததும் ராட்டையை நிறுத்திவிடுவாள்.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ராட்டையும் இல்லை, ஆயாவும் இல்லை. தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் இதைக் கத்துகிறேன். காதில் விழுந்தால் விழட்டும்.

தாது வருஷம் என்றால் 1876. அதற்கடுத்த இரண்டு வருஷங்களும் சேர்த்து மதராஸ் மாகாணமே காய்ந்து லட்சக்கணக்கில் செத்த காலம். பஞ்சம் வந்தால் உழவன் சாவான் என்பார்கள். அவனுக்கும் முன்னாலேயே நெசவாளன் சாக ஆரம்பித்துவிடுவான். வயிறு காய்ந்தவன் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தானே! தறிக்குழியில் கால் இருக்கும், தறியில் பாவு இருக்காது. நிவாரண வேலைக்குப் போய்க் கல் உடைத்தால், ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை கணக்குப் போட்டு வைத்திருந்தார்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே கொஞ்சம் சில்லறை. உயிர் போகாமல் இருக்க அது போதுமா என்று மனுஷ உடம்பை வைத்துச் சோதனை. டாக்டர்களே போதாது என்று சண்டை போட்ட பிறகுதான் கொஞ்சம் கூட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஆள்கட்டி வந்தான். கையில் சோறு, வாயில் சர்க்கரை. அஞ்சு வருஷம் கரும்புத் தோட்டத்தில் வேலை, மாசச் சம்பளம் பத்து ஷில்லிங், வருஷா வருஷம் ஒரு ஷில்லிங் கூடும், பத்து வருஷம் இருந்தால் திரும்பி வர இலவசக் கப்பல். கையெழுத்துப் போடுகிறவனுக்கு அந்தக் காகிதம் எந்த பாஷையில் இருக்கிறது என்பதே தெரியாது. அக்ரிமென்ட் என்ற சொல்லே அவன் வாயில் கிரிமிட்டு ஆகிவிட்டது. 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து புறப்பட்டு 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கிய 'ட்ரூரோ'தான் அந்த ஊருக்கு முதல் கப்பல். 1911இல் நிறுத்துவதற்குள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு நம் மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் வட ஆற்காடு, வட ஆற்காடு, வட ஆற்காடு என்று கண் எரியும்வரை வரும். அன்றைக்கு எங்கள் திருத்தணி பக்கம் முழுக்க வட ஆற்காடுதான்.

அந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறீர்களா? என் தங்கை மகன் செல்போனில் காட்டினான். எவ்வளவு சிரத்தை! நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயசு, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம் அடி அங்குலத்தில், உடம்பில் உள்ள அடையாளம். நெற்றியில் தழும்பு, இடது முழங்காலில் வடு, முதுகில் மச்சம். சோளிங்கர் சந்தையில் மாட்டைப் பிடிக்கிறவன்கூட இவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டான். கூடவே கப்பலேறிய பெண்டாட்டிக்கு அங்கே ஒரு நம்பர் உண்டு, இன்ன நம்பர்காரனின் மனைவி என்று எழுதியிருக்கும். வீட்டில் விட்டுவிட்டு வந்த பெண்டாட்டிக்கு? அதற்குக் கட்டமே இல்லை. மச்சத்துக்குக் கட்டம் உண்டு. இவளுக்கு இல்லை.

எங்கள் ஆளுக்கும் நெற்றியில் வடு உண்டு. சின்ன வயசில் பாவு முளையில் இடித்துக்கொண்டதாம். ஆயா சொல்லி வைத்திருந்த ஒரே அடையாளம் அதுதான். பெயர் சுப்பிரமணி, தகப்பன் பெயர் முருகன். திருத்தணி மலை நிழலில் பிறந்தவன் வேறென்ன பெயர் வைத்துக்கொள்வான்? தாத்தன் பெயரைச் சுமப்பதால்தான் பேரன் என்கிறோம். அப்படியே சுப்பிரமணி மகன் முருகன், முருகன் மகன் சுப்பிரமணி என்று தறியில் நாடா போய்ப்போய் வருகிற மாதிரி இரண்டே பெயர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வருகின்றன. அதை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். எத்தனை சுப்பிரமணி, எத்தனை விதமான எழுத்து! ஒருவனுக்கு ஊர் இருந்தால் தகப்பன் வேறு, தகப்பன் சரியாக இருந்தால் வடு கன்னத்தில். மூன்று மாசம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அப்புறம் இந்தப் பக்கத்துக் காகிதத்தைத் தேடலாம் என்று இறங்கினேன். அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் ஓரடி நகரவில்லை. அதே தெரு, அதே திண்ணை. ஆனால் 1911இல் சித்தூர் ஜில்லா ஆனோம். 1953இல் ஆந்திரா ஆனோம். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் போராடி, படாஸ்கர் வந்து கோடு கிழித்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மதராஸ் ராஜ்யத்துக்குத் திரும்பினோம், செங்கல்பட்டு ஜில்லா. 1997இல் திருவள்ளூர். ஊர் நகராமலே இத்தனை தரம் குடிபெயர்ந்த ஜனம் வேறு உண்டா? வடக்கெல்லைப் போராட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சிறை போனவர்களால்தான் என் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். ஆனால் எல்லைக்கோடு போடுகிறவர்களுக்குப் பழைய கட்டு எந்தப் பக்கம் போகும் என்ற கவலை இருப்பதில்லை. ஓர் அலுவலகத்தில், "அது பக்கத்து மாநிலத்துலம்மா" என்றார்கள். எல்லை தாண்டிப் போனேன். அங்கே இருந்தவர் தெலுங்கில், மரியாதையாகத்தான், "அரவ ஊர் சமாசாரம், அப்போவே மெட்ராஸுக்கு அனுப்பிட்டாங்க" என்றார். அதற்கும் முந்தின காலம் கார்வேட்நகரம் ஜமீன். ஜமீன் கணக்கில் வரி கட்டுகிறவன் இருப்பான். புருஷன் வராத பெண்ணை எதற்கு எழுதப் போகிறார்கள்?

அண்ணன் மகன் கனடாவில் ஹாலிஃபாக்ஸ் பட்டணத்தில் இருக்கிறான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அத்தை, இங்க அக்கேடியர்னு ஒரு ஜனம், அவங்க கதையக் கேளு" என்று ஆரம்பித்தான். பிரான்சிலிருந்து போய் அந்தக் கடலோரச் சதுப்பில் கரை கட்டிப் பயிர் வைத்தவர்களாம். (அந்த மண்ணுக்கும் முன்னாலேயே மிக்மாக் என்று சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் குமுறலை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.) 1671இலேயே ஒரு சாமியார் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுத்திருக்கிறார். புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், வயசு, பிள்ளைகள், மாடு எத்தனை, ஆடு எத்தனை. 1755இல் தொடங்கி இங்கிலீஷ்காரன் அவர்களை ஊரோடு பிடுங்கிக் கப்பல்களில் திசைக்கொன்றாக அனுப்பினான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் சில குடும்பங்கள் பிரான்சில் பெல் ஈல் என்ற தீவில் வந்து குடியேறின. 1767இல் அங்கே என்ன செய்தார்களாம் தெரியுமா? காகிதமெல்லாம் போய்விட்டதே என்று கையை விரிக்கவில்லை. குடும்பத் தலைவர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டு, உன் அப்பன் யார், அவன் அப்பன் யார், பெண்டாட்டி எந்த வழி என்று வாயால் சொல்லச் சொல்லி எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அக்கேடியர் தங்கள் முதல் குடியைத் தேடினால் அந்தச் சத்தியம்தான் கை கொடுக்கிறதாம். 2003இல் ராணி பெயரால் ஒரு பிரகடனம், அவர்கள் பட்ட துன்பம் உண்மை என்று. ஜூலை 28ஐ நினைவு நாள் என்று வேறு அறிவித்திருக்கிறார்கள்.

கேட்டுவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்? ஆயா இருந்தபோது அவளை உட்காரவைத்துச் சத்தியம் வாங்கி எழுதிக்கொள்ள இந்த நாட்டில் ஒருவருக்குத் தோன்றவில்லை. கப்பல் ஏறிப் போனவர்களின் வம்சத்துக்கு இப்போது விழா எடுக்கிறோம். ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். 'வேர்களைத் தேடி' என்று அரசே திட்டம் போட்டு வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஊர் காட்டுகிறது. நல்ல காரியம். வரட்டும், பார்க்கட்டும். ஆனால் ஐயா, வேர் என்றால் மண்ணுக்குள் சும்மா கிடக்கிற பொருளா? அது உயிரோடு காத்திருந்தது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டால் தறிக்குழியை விட்டு எழுந்து எழுந்து பார்த்தது. திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் பூக்காவடி எடுத்தது. நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நின்றால் முகம் சுளிக்கப்பட்டது, பின்னால் நின்றால் "தாலி இருக்குதே, ஏன் ஒதுங்கிக்கினே?" என்று குத்தப்பட்டது. வேர் தேடி வருகிறவர்களுக்குத் திட்டம் உண்டு. போனவனைத் தேடின வேருக்கு?

அவனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாவம், பட்டினியில் போனான், ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்பது ஆள் ஏற்றுகிறவர்களுக்கு விதி. மிச்ச அறுபது பேர் என்ன செய்வார்கள்? அவன் அங்கே இன்னொருத்தியோடு வாழ்ந்திருப்பான். அவளும் என்ன சுகத்தைக் கண்டாள்? 1913இல் சேர்ல் என்ற நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பெழுதி, நம் பெண்கள் எல்லோரையும் ஒரே நாளில் வைப்பாட்டி ஆக்கினான். அதை எதிர்த்துத்தான் பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்த ஜெயில் காய்ச்சலில் செத்தாள். அங்கே இருந்தவள் தாலிக்குச் சட்டம் இல்லை. இங்கே இருந்தவள் தாலிக்குப் புருஷன் இல்லை. அதெல்லாம் சரி. பத்து வருஷத்தில் இலவசக் கப்பல் இருந்ததே. ஏன் வரவில்லை? ஒரு கடுதாசி? இருப்பவன் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் அந்த மத்தியானம் அவ்வளவு நேரம் வெயிலில் கிடந்திருக்க மாட்டாள்.

போன தை மாசம் டர்பனிலிருந்து ஒருவர் வந்தார். ரிட்டயரான வாத்தியார், பெயருக்குப் பின்னால் மூட்லி. நம் முதலிதான் அங்கே போய் மூட்லி ஆயிற்று, கவுண்டர் கோவெண்டர் ஆன மாதிரி. தமிழ் நாலு சொல்தான் வரும், ஆனால் காவடிச் சிந்து மெட்டை முணுமுணுத்தார். கிளேர்வுட் கோயிலில் தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொள்வாராம். கையில் ஒரு கப்பல் பட்டியல் நகல். கொள்ளுத்தாத்தா சுப்பிரமணி, தகப்பன் முருகன், வட ஆற்காடு, ஊர்ப் பெயரில் பாதி எழுத்து மை கசிந்து போயிருக்கிறது. மிச்சம் 'குப்பம்'. குப்பமென்று முடிகிற ஊர் இந்தப் பக்கம் எத்தனை! தேடித் தேடிக் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். ஊரே மாலை போட்டது. வடு என்ன என்று கேட்டேன். நெற்றியில்.

திண்ணையில் ஒரு பெரிய சார்ட்டை விரித்தார். வம்ச மரம். அடியில் சுப்பிரமணி, பக்கத்தில் அங்கே அவர் கட்டிக்கொண்டவள், அதிலிருந்து கிளைகிளையாக டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லண்டன். எவ்வளவு பேர்! எல்லோருக்கும் பெயர், பிறந்த தேதி, சிலருக்குப் போட்டோ. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு தரம் அடகுக்குப் போய் மீண்டு வந்த பொட்டுத்தாலி. பெரியவர்கள் பொட்டு வைத்து எடுக்கச் சொன்ன பிறகு, சிதையில் வைக்க மனசில்லாமல் மகன் கழற்றி வைத்துக்கொண்டது. கொண்டுவந்து அந்தச் சார்ட்டின் மேல் வைத்தேன். தங்கை மகன் இங்கிலீஷில் எல்லாம் சொன்னான். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "ஆனால் பட்டியலில் அவர் தனியாள் என்று இருக்கிறதே, அக்கா" என்றார். நான் கத்திவிட்டேன். பட்டியல் எழுதினவன் கேட்டானா, கேட்டிருந்தால் இவன் சொல்லியிருப்பானா, உங்கள் மரம் முளைத்ததே அவள் தனியாக நின்ற குழியில்தானே என்று. தெருவில் ஆள் கூடிவிட்டது. பவர்லூம்கூட ஒன்றிரண்டு நின்றது.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். சுப்பிரமணி என்ற பெயரின் இந்தப் பக்கம், காலியாக இருந்த இடத்தில், ஒரு சின்னக் கட்டம் போட்டார். நிமிர்ந்து, தமிழிலேயே கேட்டார்.

"அம்மா பேரு?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தங்கை மகன் என்னைப் பார்த்தான். நான் கூடத்தில் மாட்டியிருந்த ஆயா படத்தைப் பார்த்தேன். ஆயா அவளை ஆயா என்றுதான் சொன்னாள். ஆயாவின் அப்பா அவளை அம்மா என்றிருப்பார். ஊர் அவளை 'கப்பலுக்குப் போனவன் பொண்டாட்டி' என்றது. இத்தனை வருஷம் ஊர் ஊராக, ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நான், ராட்டையை நிறுத்திய ஆயாவிடம் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

அவர் பென்சிலைக் கட்டத்தின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.