முதல் நாளிலேயே தீர்ப்பு வேண்டாம்

சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கமிருந்து திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் பலவிதமான வேண்டுதல்களுடன் மக்கள் போகிறார்கள். சித்தம் கலங்கிய மகனையோ மகளையோ கைபிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோரும் அவர்களில் உண்டு. பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கும் குமாஸ்தாக்கள் குடும்பங்களுக்கும் இத்துயரம் புதிதல்ல. இருபது வயதுப் பிள்ளை திடீரென்று வேலைக்குப் போக மறுக்கிறான், இரவில் தூங்குவதில்லை, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்கிறான், யாருக்கும் கேட்காத குரல்கள் அவனுக்குக் கேட்கின்றன. பெற்றோரின் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவன் தேறுவானா, காலமெல்லாம் இப்படியேதானா?"

இக்கேள்விக்கு ஊரார் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். "இனி இவன் தேற மாட்டான்" என்பார் அண்டை வீட்டுக்காரர். "திசை மாறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் ஜோசியர். முதலாவது நம்பிக்கையைக் கொல்கிறது. இரண்டாவது காலத்தைக் கொல்கிறது. மருத்துவ ஆராய்ச்சி சொல்வது இவை இரண்டுமல்ல.

இதற்கு மேனாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு, மனச்சிதைவு நோயின் முதல் தாக்குதலுடன் வந்த 90 பேரை டாக்டர்கள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். 1984ல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் நிலையத்தில், டாக்டர் ஆர். தாரா முதலியோர் 20 ஆண்டுகளுக்கு மேலும் இப்பணியை விடாமல் நடத்தினர். பத்தாண்டு முடிவில், தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோயின் கடுமை தணிந்த நிலையில் இருந்தனர். பலருக்கு நோய் இடையிடையே திரும்பி வந்தது. ஆனால் இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலரே. ஆண்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலை செய்து சம்பாதித்தும் வந்தனர். உதவித்தொகை இல்லாத நாட்டில் உழைத்தே தீர வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆராய்ச்சியில் ஆக்ராவும் ஒரு மையம். செல்வ நாடுகளின் நோயாளிகளை விட இந்தியாவிலும் நைஜீரியாவிலும் நோயாளிகள் நன்கு தேறியதாக அது கண்டது. இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ளவும் கூடாது. சிகிச்சையே பெறாதவர்கள், அகால மரணமடைந்தவர்கள் ஆகியோரைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை அவ்வளவு திருப்தியாக இல்லை என்று பின்னர் வந்த ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அப்படியானால், யார் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். வயது, படிப்பு, நோய்க்கு முன் இருந்த நிலை, குறிகளின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு கம்ப்யூட்டரில் மதிப்பிடும் முறைகள் இன்று பல நாடுகளில் உருவாகி வருகின்றன. ஆனால் கணக்கு நூறு பேரைப் பற்றிப் பேசும். எதிரே நிற்கும் ஒருவனைப் பற்றி உறுதி சொல்லாது. லண்டன் நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு சித்தூருக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கும் நிச்சயமில்லை. மழை வரும், வராது என்ற அறிக்கையைக் கேட்டாலும் ராயலசீமை விவசாயி நிலத்தை உழாமல் விடுவதில்லை. மதிப்பீடு முயற்சிக்குத் துணையாகலாம். முயற்சியைக் கைவிடக் காரணமாகக் கூடாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980களில் சென்னை, வேலூர், லக்னோ ஆகிய இடங்களில் நடத்திய ஆராய்ச்சியில், நோய் தொடங்கி அதிக காலம் ஆகுமுன் சிகிச்சைக்கு வந்தவர்களும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களும், பணக் கஷ்டம் இல்லாதவர்களும் நன்கு தேறியது தெரிய வந்தது. அண்மையில் சென்னையையும் கனடாவின் மாண்ட்ரியலையும் ஒப்பிட்ட ஆய்வில், பேச்சும் ஆர்வமும் குன்றிப்போகும் நிலையிலிருந்து மீள்வதில் சென்னை நோயாளிகள் முந்தினர். குடும்பத்தின் ஆதரவு அதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. ஆக, முடிவை நிர்ணயிக்கும் விஷயங்களில் பல விதியின் கையில் இல்லை. வீட்டின் கையிலும் சர்க்காரின் கையிலும் இருக்கின்றன.

வீட்டின் பொறுப்பு, நாட்களைக் கடத்தாமல் இருப்பது. வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் பிள்ளை தெளிந்துவிட்டான் என்று டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது, நோயைத் திரும்ப அழைப்பதாகும். "கல்யாணம் செய்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணமும் ஆபத்தானது. நோயை மறைத்துக் கட்டிவைத்த பெண்கள் கணவனால் கைவிடப்பட்டு, வயதான பெற்றோரிடமே திரும்பி வந்து சேரும் அவலத்தைச் சென்னை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. "இனி தேறாது" என்ற தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. அங்கே 2001 ஆகஸ்ட் 6ல் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர்.

வெளி மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்குத் தனிக் கஷ்டங்களும் உண்டு. தெலுங்கில் நோயை விவரிக்கத் தெரியாத தாய், டாக்டரிடம் பாதியைத்தான் சொல்கிறாள். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. சொந்த ஊருக்குப் போனால் அங்கே சீட்டு இல்லை. திரும்பி வந்தால் இங்கே மருந்து தீர்ந்துவிட்டது. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை உண்டு. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் வேலூர் பாகாயம் மனநல மையமும் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரம்தான். 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். ஆனால் மாதாமாதம் மருந்து வாங்குவதற்கு இவ்வளவு தூரம் அலைய வைப்பது நியாயமல்ல.

2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது ஏட்டோடு நின்றுவிடாமல் பார்ப்பது ஆந்திர அரசின் கடமை. எல்லைப்புற ஆஸ்பத்திரிகளில் தமிழும் தெலுங்கும் அறிந்த ஊழியர் ஒருவரேனும் இருப்பதும், ஒரு மாநிலத்தில் எழுதிய சீட்டுக்கு மறு மாநில அரசு மருத்துவமனையில் தடங்கலின்றி மருந்து கிடைப்பதும் அவசியம். இரு அரசுகளும் கலந்து பேசினால் ஆகாத காரியமல்ல இது.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், 2016 மனநோயால் வரும் ஊனத்தையும் ஏற்கிறது. அரசு நிறுவன ஊழியர் ஒருவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்தால், அதைக் காட்டி அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்கிறது. தனியார் பட்டறையிலும் கடையிலும் உழைப்பவருக்கு இந்தக் காப்பு இல்லை. மருந்து உட்கொண்டு தெளிந்து திரும்பும் தொழிலாளியை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் முதலாளி, தர்மம் மட்டும் செய்யவில்லை. வேலையும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

நோயின் முதல் சில ஆண்டுகளே பின்னால் வரும் பல ஆண்டுகளுக்கு அஸ்திவாரம். "இவன் என்ன ஆவான்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பதை விட, "இந்த மாதம் மருந்து இருக்கிறதா?" என்று கேட்பதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.