பாட்டியும் வரக்கூடிய தீவு எது?

"லீவுக்கு ஒரு தீவுக்குப் போகலாம்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். வீடு நாலு கட்சியாகப் பிரிந்துவிடும்.

பையனுக்குக் கடலில் குதிக்க வேண்டும். மருமகளுக்கு நாலு நாளாவது அடுப்படியை மறக்க வேண்டும். மகனுக்குச் செலவுக் கணக்கு. பாட்டி மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார்.

சென்ற மாதம் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. சர்க்கரையும் உண்டு. பேச்சைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு எதுக்குப்பா தீவும் கடலும்? நீங்க புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்! நாமும் "சரிம்மா" என்று பெட்டியைக் கட்டுகிறோம். அவருக்கு ஆசை இல்லை என்று நினைக்கிறோம். தம்மால் பிள்ளைகளுக்குத் தொல்லை வரக்கூடாதே என்றுதான் அவர் அப்படிச் சொல்கிறார். கீரைக் கட்டை அவர் எத்தனை தடவை புரட்டினார் என்று பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

ஆகவே, வீட்டில் மிகவும் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய காலை வைத்துத்தான் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தபடியாக, சின்னக் குழந்தையின் வயிற்றைப் பார்க்க வேண்டும். கடலின் நிறத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இறங்குவது எப்படி?

லட்சத்தீவின் அழகைச் சொல்லி முடியாது. மொத்தம் 36 தீவுகள். அவற்றில் 10 தீவுகளில்தான் ஜனங்கள் வசிக்கிறார்கள். அங்கே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

கொச்சியிலிருந்து கப்பல் போகிறது. ஆனால் பல தீவுகளில் கப்பல் கரைவரை வராது. தள்ளியே நின்றுவிடும். அங்கிருந்து சிறு படகில் இறங்க வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். சரியான நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும். 20 வயதுப் பையனுக்கு இது விளையாட்டு. முழங்கால் வலிக்காரருக்கு இது கண்டம்.

மாலத்தீவு? ஏறக்குறைய 1,200 குட்டித் தீவுகள் கொண்ட நாடு. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று கட்டி வைத்திருக்கிறார்கள். விமானத்தில் இறங்கிய பிறகு வேகப் படகிலோ, தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்திலோ போக வேண்டும். அந்தச் சிறு விமானம் பகலில்தான் பறக்கும். விடுதியில் சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியே போய்ச் சாப்பிட வேறு கடை கிடையாது. பாட்டி பெட்டியில் சின்ன முருகன் சிலை இருந்தால் அதையும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பூஜைக்குரிய விக்கிரகங்களை உள்ளே கொண்டுபோக அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. புதுமணத் தம்பதிகள் போகட்டும், குடும்பத்துக்கு வேண்டாம்.

இலங்கை நமக்குப் பக்கம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நல்லூர் கந்தசாமி கோயில், திருகோணமலைக் கோணேசுவரம், கதிர்காமம் என்று பெரியவர்களுக்குப் பிடித்த இடங்கள் நிறைய. நமது பாஷையும் உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் தூரம். தினமும் மணிக்கணக்கில் காரில் உட்கார வேண்டும். மூன்று வயதுக் குழந்தை முதல் பாட்டி வரை எல்லோருக்கும் பாஸ்போர்ட்டும் வேண்டும். பத்து நாள் லீவு இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

கையில் பணம் குறைவா? ராமேசுவரமும் தீவுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்! வீட்டு வாசலிலிருந்து ரெயிலிலேயே போகக்கூடிய தீவு அது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ஜன்னல் ஓரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தால் போதும். இரண்டு கிலோமீட்டருக்குக் கடல்தான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் காட்டலாம்.

"தீவாந்திர சிட்சையா?"

எங்கள் வீட்டில் கடைசியில் அந்தமான் என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். "அந்தமானா? எங்க அப்பா காலத்துல கொலை பண்ணினவனைத்தானே அங்கே அனுப்புவாங்க!"

உண்மைதான். 1858-இல் வெள்ளைக்காரர்கள் அங்கே கைதிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் செல்லுலார் சிறையைக் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு கிளைகள். இன்று மூன்று கிளைகள்தான் மிச்சம். கொலைகாரர்கள் மட்டுமா அங்கே இருந்தார்கள்? தேச விடுதலைக்காகப் பாடுபட்டவர்களும் அங்கே செக்கு இழுத்தார்கள். மாலையில் ஒலியும் ஒளியுமாக அந்தக் கதையைச் சொல்கிறார்கள். உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மாடிப்படி ஏற வேண்டாம். பேரனுக்கு இதைவிட நல்ல சரித்திரப் பாடம் கிடைக்காது.

அம்மாவுக்கு இன்னொரு ஞாபகமும் வந்தது. 1978-இல் வந்த 'அந்தமான் காதலி'. சிவாஜியும் சுஜாதாவும் நடித்த படம். "அந்தக் கடலா?" என்றார். அப்போதே பாதி சம்மதம் வந்துவிட்டது!

அந்தமானின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். குழந்தையும் பாட்டியும் இருக்கும்போது கப்பல் ஆசையை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடைத் தெருவில் தமிழ் பேசியே சாமான் வாங்கலாம். இட்லி, தோசைக்குக் குறைவில்லை. வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. கார்பின்ஸ் கோவ் என்ற கடற்கரை சாலை ஓரத்திலேயே இருக்கிறது. மணலில் வெகு தூரம் நடக்க வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை. அங்கே சூரியன் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுத்துவிடும். அந்தமான் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. கடிகாரமோ நம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அதனால் மாலை ஐந்து, ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். விடியற்காலையில் விழித்துக்கொள்ளும் பாட்டிக்கு இது ஏற்ற ஊர். எட்டு மணி வரை தூங்கும் அப்பாக்களுக்குத்தான் கஷ்டம்.

நனையாமல் பவளம்

பக்கத்துத் தீவு ஒன்றைப் பார்க்க ஆசையா? எல்லோரும் ஹேவ்லாக் என்பார்கள். 2018 முதல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்குள்ள ராதாநகர் கடற்கரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நீல் தீவைத்தான் சொல்வேன். அதன் புதுப் பெயர் ஷாஹீத் தீவு. சின்ன ஊர், சந்தடி இல்லை. படகுத் துறைக்குப் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. தண்ணீர் ஆழம் குறைவு. அடியில் கண்ணாடி பதித்த படகுகள் அங்கே உண்டு. ஏறும்போது ஒருவர் கை கொடுத்தால் போதும். பாட்டி சேலை நனையாமல் உட்கார்ந்து பவளப் பாறைகளையும் மீன்களையும் பார்க்கலாம். கீழே கிடக்கிற பவளத்தை ஆசைக்கு எடுத்துப் பையில் போடாதீர்கள். அது குற்றம்.

பாராடாங் குகைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். விடியுமுன் எழுந்து, வரிசையில் காத்திருந்து, காட்டு வழியே நெடுநேரம் போக வேண்டும். அந்தக் காடு ஜாரவா என்ற ஆதிவாசிகளின் வீடு. வண்டியிலிருந்து அவர்களை எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் நமக்கு அழகல்ல, சட்டமும் விடாது. எங்கள் திட்டத்தில் அதை அடித்துவிட்டோம்.

ஆஸ்பத்திரி எங்கே?

இதைக் கேட்காமல் யாரும் டிக்கெட் வாங்கக் கூடாது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறது. சிறு தீவுகளில் சிறிய ஆஸ்பத்திரிதான். இரவில் நெஞ்சு வலித்தால் உடனே ஏறிப் போகப் பயணிகள் படகு இராது. ஆகவே தலைநகரில் மூன்று இரவு, சிறு தீவில் ஒரே இரவு என்று வைத்துக்கொள்வது நல்லது.

காற்று பலமானால் படகு நின்றுபோகும். ஐந்து நாள் பயணத்துக்கு எட்டு நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினையும் டாக்டர் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போட வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். விடுதியில் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள். "லிப்ட் இருக்கிறது" என்பார்கள்; அது ஓடுகிறதா என்றும் கேளுங்கள்!

அந்தமான் கடலில் உப்பு நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் குழந்தையின் காலைக்கூட நனைக்கக் கூடாது.

எப்போது போவது? தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே அந்தமானுக்கு வந்துவிடும். வழக்கமாக மே 20 வாக்கில் அங்கே மழை தொடங்கும். பள்ளிக்கூட லீவில் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ போய்த் திரும்பிவிட வேண்டும். வெயில் அடிக்கும். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

நாங்கள் ஏப்ரல் கடைசிக்குத் தேதி குறித்துவிட்டோம். ஐந்து டிக்கெட். அம்மாவிடம் சொன்னேன். "இவ்வளவு செலவு எதுக்கு?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தப் பிளேன்ல காபி குடுப்பாங்களா?"