எடுத்துட்டாங்க

கல்லூரி விட்டு, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது என் மாணவி ஒருத்தி செல்போனை நீட்டினாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவள். திரையில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏவின் 2024 டிராஃப்ட். பெயர் வாசிக்கிறார்கள், ஒருத்தி எழுந்து மேடைக்குப் போகிறாள். "கெய்ட்லின் கிளார்க்க முதல் ஆளா எடுத்துட்டாங்க மிஸ். நம்மூர்லயும் இப்படி ஒண்ணு வந்தா நல்லாருக்குமுங்க."

எடுத்துட்டாங்க. இந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்கிறோம்! கரூர்ப் பக்கம் பொண்ணு எடுத்தோம் என்கிறார்கள். மில்லுல எடுத்துட்டாங்க என்கிறார்கள். எடுப்பவருக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. எடுக்கப்படுகிறவளுக்கு நன்றி மட்டும் இருந்தால் போதும்.

டிராஃப்டும் அப்படித்தான். கல்லூரி முடித்த வீராங்கனைகளை அணிகள் வரிசை போட்டு எடுக்கும். பலவீனமான அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர் என்று அவள் வாய் திறக்க முடியாது. எடுத்த அணி வேண்டாம் என்றால் அந்த லீகில் அவளுக்கு வேறு அணி இல்லை. சம்பளமும் முன்பே எழுதி வைத்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அதே வருடம் ஆண்கள் லீகான என்பிஏவில் முதலில் எடுக்கப்பட்டவருக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல்.

பெண்கள் ஆட்டத்தில் வருமானம் குறைவு, அதனால் சம்பளமும் குறைவு என்று உடனே ஒருவர் பாடம் நடத்த வருவார். வரட்டும். தொகையை விடுங்கள், பங்கைப் பாருங்கள். என்பிஏ தன் வருமானத்தில் ஏறக்குறையப் பாதியை ஆட்டக்காரர்களுக்குத் தருகிறது. பெண்களுக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராத பங்கு. 2025 ஜூலையில் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு முன்பு வீராங்கனைகள் 'எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள்' என்ற பொருளில் வாசகம் அச்சடித்த சட்டை போட்டு நின்றது இந்தப் பங்குக்காகத்தான்.

டிராஃப்ட் இல்லாவிட்டால் பணக்கார அணிகளே எல்லாரையும் அள்ளிக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீகிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே வீராங்கனைகளின் சங்கம் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து டிராஃப்டையே ஒழித்தது. இனி எந்த அணி என்பதை அவளே பேசி முடிவு செய்வாள். அவள் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றவும் முடியாது. அந்நாட்டின் பெரிய லீகுகளில் டிராஃப்டை முதலில் ஒழித்தது பெண்களின் லீக். ஆண்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள்!

நம் பக்கம் வருவோம். தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் 2011இல் மூன்று டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாம்களுக்குப் போனார். யாரும் எடுக்கவில்லை. இந்திய அணித் தலைவியாக இருந்த சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்கும் சோறு போட்டது ரயில்வே வேலைதான். கிரிக்கெட்டில் பெண்களுக்கு லீக் வந்தது. 2023 பிப்ரவரியில் மும்பையில் ஏலம். ஓர் அணி செலவழிக்க 12 கோடி ரூபாய், அதே வருட ஆண்கள் ஐபிஎல்லில் 95 கோடி. தொகை ஒரு பக்கம் இருக்கட்டும், ஏலம் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே விலை கட்டவில்லை என்றால் விவசாயி மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகலாம். பருத்திக்கு இருக்கும் அந்த வழி வீராங்கனைக்கு இல்லை.

சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து நம் மாவட்டங்களின் நூற்பாலைகள் பெண்பிள்ளைகளை எடுத்ததை மறக்க முடியுமா? மூன்று வருடம் விடுதியில் அடைந்து வேலை, கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் வீடு திரும்பியவள் அதையும் இழந்தாள். டிராஃப்டும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. கிளார்க்குக்கு விளம்பரப் பணம் கொட்டுகிறது, விடுதிக் கதவைப் பூட்டவும் ஆளில்லை. ஆனால் 'உன்னை எடுத்ததே பெரிது, கேள்வி கேட்காதே' என்ற குரல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்தக் குரலுக்குப் பதில் சொன்னவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆலைக்குள் பாலியல் தொல்லையையும் சாதி இழிவையும் தடுக்கும் ஒப்பந்தம். அதற்கு முன்னால் ஒரு இளம் தொழிலாளியின் உயிர் போயிருந்தது.

அன்று பஸ் வந்துவிட்டதால் மாணவிக்குப் பாதிதான் சொன்னேன். மீதி இது. லீக் வரட்டும் பாப்பா, நீ ஆடு. ஒப்பந்தத்தைத் தமிழில் கேள். காயம்பட்டால் யார் செலவு, கர்ப்பமானால் சம்பளம் உண்டா, பிடிக்காத அணியிலிருந்து எப்போது வெளியே வரலாம் என்று கேள். தனியாகக் கேட்காதே, டீம் முழுக்கச் சேர்ந்து கேளுங்கள். கையெழுத்தை அப்புறம் போடலாம்.