கிரீம் இசைக்குழு: குறுவாழ்வும் நெடும்புகழும்

தனித்தனியே சிறந்தோர் ஒருங்கு கூடுவரேல் அக்கூட்டம் எல்லாவற்றினும் சிறந்ததாகும் என்பது உலகத்தார் பலரின் துணிபு. அத்துணிபு முற்றும் மெய்யன்று என்பது எம் கருத்து. இதற்குச் சான்றாக, இங்கிலாந்தில் தோன்றி, ஈராண்டிற்குச் சற்று மிகுந்த காலமே வாழ்ந்து மறைந்த கிரீம் என்னும் ராக் இசைக்குழுவின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்குழு 1966-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அமைந்தது. கிதார் இசைப்பதில் எரிக் கிளாப்டனும், பேஸ் கிதாரிலும் பாட்டிலும் ஜாக் புரூசும், டிரம் முழக்குவதில் ஜிஞ்சர் பேக்கரும் முன்னரே பெயர் பெற்றிருந்தனர். காய்ந்த பாலின்மேல் திரளும் ஏடுபோல, இசைவாணருள் மேலானவர் தாமே என்னும் பொருள் தோன்றவே அவர்கள் இப்பெயரைப் புனைந்து கொண்டனர். ஆனால், கிரஹாம் பாண்ட் என்பவரின் குழுவில் உடனிருந்த நாளிலேயே புரூசும் பேக்கரும் கைகலக்குமளவு பகைத்தவர்கள். பேக்கர் தம்மை அழைத்தபோது, புரூசையும் சேர்த்தல் வேண்டும் எனக் கிளாப்டன் வற்புறுத்தினார். எனவே, கட்டடம் எழும்பும் முன்னரே சுவரில் வெடிப்பு இருந்தது.

அப்பூசலே அவர்தம் இசைக்குக் கனல் மூட்டிற்று என்பாரும் உளர். அக்கூற்றை யாம் ஏற்கிலேம். 1967-ஆம் ஆண்டு மே திங்களில், நியூயார்க் நகரில் சில நாள்களிலேயே பதிவு செய்யப்பட்ட டிஸ்ரேலி கியர்ஸ் என்னும் இசைத்தட்டை நோக்குக. அதிலுள்ள சன்ஷைன் ஆஃப் யுவர் லவ் என்னும் பாட்டின் அடிப்படை இசைத்தொடர் புரூசினது. சொற்கள் பெரும்பாலும் பீட் பிரவுன் என்னும் கவிஞருடையன. கிளாப்டனும் அதில் தம் பங்கைச் சேர்த்தார். பேக்கரின் முழக்கம் அதற்கு நடை தந்தது. பெலிக்ஸ் பாப்பலார்டி பதிவை நடத்தினார். ஒருவர் கொணர்ந்ததை மற்றவர் செவிமடுத்து ஏற்றமையாலன்றோ அப்பாட்டு இன்றும் நிலைபெற்றுள்ளது! பகையால் விளைந்ததன்று அது. பகை சற்றே ஓய்ந்திருந்தபோது விளைந்தது.

மேடையிலோ நிலை வேறாயிற்று. ஒலிபெருக்கிகள் பெருகின. ஒருவரை ஒருவர் விஞ்ச முயன்றனர். ஒருகால் தாம் இசைப்பதை நிறுத்தியபோதும் மற்றை இருவரும் அதனை அறிந்திலர் எனக் கிளாப்டனே கூறியுள்ளார். இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வீல்ஸ் ஆஃப் பயர் என்னும் அவர்தம் இரட்டை இசைத்தட்டு 1968-இல் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டிலேயே, நவம்பர் 26-ஆம் நாள், இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர்கள் விடைபெற்றனர். வறுமையோ, கேட்போர் கைவிட்டமையோ அவர்களைப் பிரிக்கவில்லை. செவி கொடாமையே பிரித்தது.

அவர்க்குப்பின் மூவரே கொண்ட குழுக்கள் பல எழுந்தன; மேடையில் நெடுநேரம் கற்பனையாக இசைத்தலும் ராக் இசையில் வேரூன்றிற்று. 1993-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இக்குழுவும் இடம் பெற்றது. 2005-ஆம் ஆண்டு மே திங்களில், அதே ஆல்பர்ட் மண்டபத்தில் மூவரும் நான்கு இரவுகள் மீண்டும் கூடி இசைத்தனர். புரூஸ் 2014-இலும் பேக்கர் 2019-இலும் காலமாயினர். எனினும், பின்வந்தோர் பலர் அவர்தம் பேரொலியையும் நெடிய வாசிப்பையும் கைக்கொண்ட அளவிற்கு, பதிவறையில் அவர்பால் விளங்கிய செவிமடுக்கும் பண்பைக் கைக்கொண்டாரில்லை. இதுவே எமக்கு வருத்தம்.

குழுவின் சிறப்பை அது வாழ்ந்த ஆண்டுகளால் அளத்தல் வேண்டா. உறுப்பினரின் தனிப்பெருமையால் அளத்தலும் வேண்டா. சொற்போர்க் கழகத்திலும், நாடக மேடையிலும், விளையாட்டுக் களத்திலும் வல்லோரைத் தேடித் திரட்டும் மாணவராகிய நாம், அவ்வல்லோர் பிறர் கூறுவதைக் கேட்கவும் வல்லரோ என்பதை முதற்கண் ஆராய்தல் நன்று. அஃதின்றேல் ஏடு திரண்டும் தாழி உடைதல் திண்ணம்.