புலம்பலுக்கு இடமில்லாத ஆராதனை

திருகோணமலையில் எந்தத் திருச்சபையின் நிர்வாகக் கூட்டத்துக்குப் போனாலும் நிகழ்ச்சி நிரலின் அடியில் ஒரு விடயம் காத்திருக்கும்: வாலிபர் ஏன் கோயிலுக்கு வருவதில்லை? மெதடிஸ்த சபையோ அங்கிலிக்கன் சபையோ பெந்தெகொஸ்தே சபையோ, கேள்வி மாறுவதில்லை. பதிலும் பெரிதாக மாறுவதில்லை. ஞாயிறு காலையில் ரியூசன், கையில் எந்நேரமும் போன், பெற்றோருக்கே அக்கறையில்லை. கடைசியில் யாராவது ஒருவர் எழும்பி, பாட்டைக் கொஞ்சம் புதுசாக்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்பார். அடுத்த மாதம் ஒரு ட்ரம்ஸ் செற் வந்து இறங்கும்.

ஒரு போதகனாக இந்தப் பதில்களில் எதையும் பொய்யென்று தள்ள என்னால் முடியாது. ஞாயிறு காலை எட்டு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்தப் பிள்ளைக்குத் தஹம் பாசல், சைவப் பிள்ளைக்கு அறநெறிப் பாடசாலை, எங்கள் பிள்ளைக்கு ஓய்வுநாள் பாடசாலை. மூன்றும் ரியூசன் வகுப்போடு போட்டியிட்டு மூன்றும் தோற்கின்றன. இந்த ஒரு விடயத்திலாவது நாட்டின் சமயங்களுக்கிடையே முழு ஒற்றுமை நிலவுகிறது. ஆனால் ரியூசன் இல்லாத பண்டிகை நாட்களிலும் வராத பிள்ளைகள் உண்டு. வந்தாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் மெல்ல எழும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. நாங்கள் நடத்தும் ஆராதனைக்குள் அவர்களுடைய ஊர் இல்லை. அந்த ஊருக்கு நடந்தவையும் இல்லை.

இலங்கைப் பாடசாலையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். க.பொ.த. சாதாரண தரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை எழுதியாக வேண்டும். இதனால் நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன். வேதாகமத்தைத் திறந்தே பாராத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் உவமைகளை ஒழுங்காகச் சொல்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுக்குள் அவர்கள் சேர்த்தே படித்துவிடுவது ஒன்றுண்டு: கடவுளைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை ஏற்கெனவே எழுதப்பட்டு, புள்ளித் திட்டத்தோடு எங்கோ இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை நானும் இன்னொரு விடைத்தாளை நீட்டினால், வாரத்தில் இரண்டு தரம் ஒரே பாடத்தை ஏன் படிக்கவேண்டும் என்று அது நினைப்பதில் என்ன தவறு?

பாட்டு விடயத்துக்கு வருகிறேன். சண்டை அங்கேதான் அதிகம்.

பழைய சபைகளில் பாட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஐரோப்பிய மெட்டுக்குள் தமிழை மடக்கி வைத்த ஞானப்பாட்டுகள் ஓர் அடுக்கு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனைகள் இன்னோர் அடுக்கு. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகே அவை சபைகளுக்குள் பரவலாக வந்தன. இன்று முதியவர்கள் கண்ணை மூடி உருகிப் பாடுகிற கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுத்தான். மேலடுக்கில் இருப்பது தமிழ்நாட்டிலிருந்து கசெற்றிலும் பிறகு சீடியிலும் இப்போது யூடியூபிலும் வருவது. தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் கசெற் காலத்திலேயே இங்கு வந்துசேர்ந்துவிட்டன.

இந்தப் புதுப் பாடல்களைப் பழிப்பது பழைய சபைக்காரருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நான் அதில் சேரமாட்டேன். பாடகர் குழுவும் வேத வாசிப்பும் சில குடும்பங்களின் முதுசம்போல இருந்த காலத்தில், மீன்பிடிக் கிராமத்துப் பையன் ஒருவனின் கையில் மைக்கையும் கிற்றாரையும் கொடுத்தவை பெந்தெகொஸ்தே சபைகள். சாதி பார்த்து வாங்கில் இடம் விட்ட வரலாறு அவர்களுடையதல்ல, பழைய சபைகளுடையது.

என் குறை வேறு. இப்போது மேடையில் பாடப்படுபவற்றில் பெரும்பகுதி வெற்றி, ஆசீர்வாதம், உயர்வு. எதிரி விழுவான், அடைத்த கதவு திறக்கும், கடன் தீரும். விசா மறுக்கப்பட்ட பையனும், 2022இல் தகப்பன் தொழில் இழந்த பெண்பிள்ளையும் கைகளை உயர்த்தி அதைப் பாடவேண்டியிருக்கிறது. வாய் வராவிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து புறப்பட்ட நாடு இது. வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒருவர் போகும்போது முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புகிறோம். போக வழியில்லாமல் நின்றுவிட்டவருக்கு ஆராதனையில் ஒரு வரிகூட இல்லை.

வேதாகமம் இப்படி வஞ்சகம் செய்யவில்லை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடும் புலம்பலும் என்று அறிஞர் கணக்கிடுகிறார்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லி முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. எருசலேம் அழிந்ததை அழுவதற்குத் தனிப் புத்தகமே இருக்கிறது. இவற்றை எங்கள் ஞாயிறு ஆராதனையில் கேட்பது அரிது. இந்த விடயத்தில் கத்தோலிக்கர் எங்களைவிட மேல். தவக்காலத்தில் பசாம் பாடுவதும் வியாகுலப் பிரசங்கமும் அழுகைக்கு ஒரு முறையான இடத்தைக் கொடுத்து வைத்திருக்கின்றன. செத்த வீட்டில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பாட்டிமார் இருந்த ஊரில் புரட்டஸ்தாந்துக் கோயிலுக்குள் மட்டும் எல்லாரும் எந்நேரமும் சந்தோஷமாக இருக்கவேண்டும்.

ஊர் எது என்பதையும் பார்க்கவேண்டும். டிசம்பர் 26, திருச்சபை நாட்காட்டியில் முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் நாள். 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, அன்று போயாவும்கூட. காலை ஆராதனை வேளையில் கடல் ஊருக்குள் வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் போனார்கள். டிசம்பர் 28, ஏரோது கொல்வித்த பெத்லகேம் குழந்தைகளின் நாள். அதற்கு ஐந்து நாள் கழித்து ஜனவரி 2. 2006இல் அந்த மாலை, டச்சுக் குடாக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த தமிழ் மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பதைக் காட்டிய படங்களை எடுத்த சுடர் ஒளி செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதிவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது.

ஸ்தேவான், குழந்தைகள், வருடப் பிறப்பு. நாட்காட்டி தானாகவே இடம் விட்டுக்கொடுத்திருக்கிற ஒரு வாரம் இது. நாங்கள் அதைக் கரோலாலும் கேக்காலும் நத்தார் தாத்தாவாலும் நிரப்பி, 31ஆம் திகதி நள்ளிரவில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம்.

வாலிபர் கூட்டமொன்றில் ஒரு தம்பி கேட்டான்: "ஐயா, ஏரோது கொன்ற பிள்ளையளுக்கு ஒரு நாள் வச்சிருக்கிறம். காந்தி சிலையடியில செத்த அஞ்சு அண்ணாமாருக்காக ஏன் ஒருநாளும் ஜெபிக்கேல்லை?" அவன் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பிறந்தவன். வீட்டில் யாரோ குரலைத் தாழ்த்திக் கதைத்ததைக் கேட்டிருக்கிறான். நான் வாய் திறப்பதற்குள் சபையின் மூத்தவர் ஒருவர் முந்திக்கொண்டார். "தம்பி, அது அரசியல். இங்க வேண்டாம்."

அந்த மூத்தவரை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2005இல் சந்தைப் பக்கத்தில் புத்தர் சிலை வைக்கப்பட்டு ஊரே கடையடைத்துக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். எந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்த தலைமுறை. அவருடைய அச்சம் உண்மையான அச்சம். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. கடவுளிடமே சொல்லக்கூடாத விடயங்கள் உண்டு, அவற்றில் எனக்கு முக்கியமானவையே முதலில் அடங்கும் என்று அவன் விளங்கிக்கொள்கிறான். பிறகு அதைச் சொல்ல வேறு இடம் தேடுகிறான், அல்லது சொல்வதையே விட்டுவிடுகிறான். ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனிடம் எந்தத் தலைப்புக்கும் தடையில்லை.

அரசியல் என்ற பதிலுக்கு மத்தேயுவிடமே மறுமொழி இருக்கிறது. ஏரோது ஓர் அரசன். குழந்தைகளைக் கொல்வித்ததும் பதவிப் பயத்தால். அதைச் சுவிசேஷகன் மறைக்காமல், சாஸ்திரிகள் வந்துபோன கதைக்கு அடுத்தபடியாகவே எழுதி வைத்தான். நாங்கள்தான் நத்தார் நாடகத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிடுகிறோம்.

ஒரு கவனம் வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இந்துக்களும் பௌத்தர்களும் ஏறத்தாழக் கால்வாசிப் படி. கிறிஸ்தவர் இருபதில் ஒருவர் அளவில். எங்கள் இறப்புகளை மட்டும் எண்ணுகிற புலம்பல் சீக்கிரத்தில் கோஷமாகிவிடும். 2006 ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர் கொல்லப்பட்டனர். அதே நாட்களில் மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் செத்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் குண்டுத் தாக்குதலில் செத்தார்கள். அதன்பின் எங்கள் பிள்ளைகள் கோயில் வாசலில் பைகளைச் சோதித்தார்கள், அவர்களின் முஸ்லிம் வகுப்புத் தோழர்கள் தெருவில் சோதிக்கப்பட்டார்கள். இருபதில் ஒருவராக இருக்கிறவர்களுக்கு அதிகாரம் ஏதுமில்லை. எல்லாருடைய சாவுக்கும் அழுகிற சுதந்திரம் இருக்கிறது.

வாலிபரை எப்படி வழிநடத்துவது என்ற கேள்விக்கும் இங்கிருந்துதான் பதில் தேடுகிறேன். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர் டி.ரி. நைல்ஸ் (1908–1970) உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1948 ஆம்ஸ்டர்டாம் பேரவையில் தொடக்கப் பிரசங்கம் செய்தவர். அந்த மன்றத்தின் வாலிபர் பகுதிக்குத் தலைவராகவும் இருந்தவர். ஆசிய நாடுகளின் மெட்டுகளைத் திரட்டி 1963இல் வெளிவந்த கிழக்காசியத் திருச்சபைகளின் பாட்டுப் புத்தகத்தைத் தொகுத்தவரும் அவரே. மெட்டு ஆசியாவுடையது, சொல் ஆங்கிலம் என்பது அதில் ஒரு வேடிக்கை. ஆனாலும் அவர் கண்ட வழி எங்களுக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு இந்தக் கடற்கரையில் இருக்கிறது. அந்த மெட்டில் ஒரு முறையீட்டுப் பாட்டை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுதினால், யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

மெதடிஸ்தருக்கு இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. 1742இல் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடன் அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று ஆளமர்த்தி, வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வசூலிக்கப் போனவர், வீட்டில் என்ன நடக்கிறது, மனம் எப்படியிருக்கிறது என்றும் விசாரிக்கத் தொடங்கினார். அதிலிருந்தே வகுப்புக் கூட்டம் பிறந்தது. ஜோன் வெஸ்லியின் இயக்கத்தைத் தாங்கி நின்றது பிரசங்க மேடையைவிட இந்தச் சிறு கூட்டங்களே என்பது என் கணிப்பு. முந்நூறு பேர் கைதட்டுகிற வாலிபர் பெருவிழாவில் ஒரு பிள்ளையும் தன் சந்தேகத்தைச் சொல்லாது. பன்னிரண்டு பேர் பாயில் இருந்தால் சொல்லும். கோயில் வளவுக்குள்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பயிற்றுவித்த அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர்ட்டை, பந்தோடு ஓடியே பிள்ளைகளை ஆளாக்கியவர் என்று நினைவுகூர்கிறார்கள். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் கூடச்சென்ற இளைஞனும் திரும்பவேயில்லை. அவரைப் பற்றியும் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

எனவே ஒரு யோசனை. ஜனவரி முதல் ஞாயிறில் மெதடிஸ்தர் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறோம். வெஸ்லி 1755இல் தொடக்கியது. கடவுளோடு செய்த உடன்பாட்டை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் நாள். எந்த ஆண்டிலும் அது ஜனவரி 2ஐ ஒட்டியே வரும். உடன்பாட்டைப் புதுப்பிப்பதற்கு முன்னால், அந்த வாரத்தில் இந்த ஊர் இழந்தவர்களை, கடலுக்குக் கொடுத்தவர்களையும் கடற்கரையில் கொடுத்தவர்களையும், பெயர் சொல்லி மன்றாடலாம். ஐந்து நிமிடம் போதும். 88ஆம் சங்கீதத்தை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். முடிந்ததும் யாரும் உடனே எழும்பி ஆறுதல் சொல்லவேண்டாம், துதிப்பாட்டும் தொடங்கவேண்டாம்.

சபைக் கூட்டத்தில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். புலனாய்வுக்காரர் வந்து விசாரிப்பார்கள், வெளிநாடு போகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் பொலிஸ் அறிக்கை எடுப்பதில் கரைச்சல் வரும், சைவரும் முஸ்லிம்களும் என்ன நினைப்பார்கள். நியாயமான கேள்விகள்தான். வாசிக்கிற பிள்ளையின் பெயர் வெளியில் போகாமல் பார்ப்பதும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் போதகரின் வேலை. சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். மன்றாட்டை எழுதும் வேலையை மட்டும் வாலிபரிடம் விட்டுவிடவேண்டும். எழுத்துப்பிழையை நான் திருத்துகிறேன், கேள்விகளில் கைவைக்கமாட்டேன். விசாரிக்க யாராவது வந்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம், அதில் ஒளிக்க எதுவுமில்லை.