டயரை கிளட்ச் முடிவு செய்யட்டும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா, மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் ஊர் என்று பலருக்கும் தெரியும். கோல்ஃப் வண்டிகளின் ஊரும் அதுதான். ஈ-இசட்-கோ நிறுவனத்தை 1954இல் இரண்டு சகோதரர்கள் அங்கே தொடங்கினார்கள். அதன் பெரும் போட்டியாளரான கிளப் கார் இருப்பதும் அதே வட்டாரத்தில்தான். யமஹாவின் கோல்ஃப் வண்டி ஆலை அதே மாநிலத்தின் நியூனன் ஊரில் இருக்கிறது. ஒட்ட வெட்டிய புல்தரையில் இரண்டு பேரையும் அவர்களுடைய மட்டைப் பைகளையும் சுமந்துகொண்டு, மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டாமல் போவதற்காகச் செய்யப்பட்ட வண்டிகள் இவை. அந்த நாட்டின் தரவிதி கோல்ஃப் வண்டிக்கு வைத்திருக்கும் உச்ச வேகமும் அதுவே. மைதானங்கள் சில ஆண்டுகள் குத்தகைக்கு ஓட்டிவிட்டுத் திருப்பித் தரும் பெட்ரோல் வண்டிகள் பழைய வண்டி விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. தென் மாநிலங்களின் பைன் காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும், பண்ணை வேலியைச் சுற்றிப் பார்க்கிறவர்களும், வார இறுதியில் காட்டுத்தடங்களில் திரிகிறவர்களும் அவற்றை வாங்குகிறார்கள். வாங்கியவர் வழக்கமாக முதலில் செய்வது வண்டியின் உடலை ஆறு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் மாட்டுவது. பிறகு வண்டி மேட்டில் திணறுகிறது. அப்போதுதான் கிளட்சில் கை வைக்கிறார். இந்த வரிசை தலைகீழானது. எந்த டயரைச் சுமக்க முடியும் என்பதை கிளட்சும் பிரேக்கும்தான் சொல்ல வேண்டும். டயரை வாங்கிவிட்டு அதன் பின்னால் அவற்றை ஓடவிடக் கூடாது.

இந்த வண்டிகளில் கியர் போடும் வேலையே இல்லை. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இதன் அடிப்படை பழக்கமானதுதான்: இரண்டு கூம்புக் கப்பிகள், அவற்றின் நடுவே ஒரு ரப்பர் பெல்ட். ஒரு கப்பி எஞ்சின் தண்டில் இருக்கிறது, மற்றொன்று பின் அச்சுப் பெட்டியில். இரண்டையுமே கிளட்ச் என்றுதான் அழைக்கிறார்கள். எஞ்சின் வேகமெடுக்கும்போது எஞ்சின் பக்க கிளட்சுக்குள் உள்ள எடைகள் வெளியே வீசப்பட்டு, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் விளிம்பை நோக்கி ஏறுகிறது. ஒரு ஸ்பிரிங் அதைத் தடுத்து நிற்கிறது. அச்சுப் பக்கத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். அங்கே பெல்ட்டின் இழுப்புக்குத் தட்டுகள் விலகி, பெல்ட் உள்ளே இறங்குகிறது. அங்கும் ஒரு ஸ்பிரிங் உண்டு, கூடவே சாய்வாக வெட்டிய ஒரு கேம் உண்டு. ஏற்றத்தில் சக்கரத்தின் மேல் சுமை கூடும்போது அந்தக் கேம் தட்டுகளை மறுபடி நெருக்கி பெல்ட்டை விளிம்புக்குத் தள்ளுகிறது. ஓட்டுநர் எதுவும் செய்யாமலே வண்டி கீழ் விகிதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஸ்கூட்டரில் பின்பக்கம் தனியாக ஒரு மையவிலக்கு கிளட்ச் இருக்கும். கோல்ஃப் வண்டியில் அது கிடையாது. எஞ்சின் சுற்று குறைந்தால் எஞ்சின் பக்கத் தட்டுகளே விரிந்து பெல்ட்டை விட்டுவிடும். சமதரையில் இது நல்ல சிக்கனமான ஏற்பாடு. இறக்கத்தில் வேறு கதை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காட்டுத்தடத்துக்காக கிளட்சை மாற்றுவது என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங்கையும் எடைகளையும் மாற்றுவதுதான். எஞ்சின் பக்கம் விறைப்பான ஸ்பிரிங் அல்லது லேசான எடைகள் போட்டால், பெல்ட்டைப் பிடிக்கும் முன் எஞ்சின் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். பிடித்த பிறகும் பெல்ட் மெதுவாகவே மேலேறும். பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின், தன் முழுத் திறனும் கிடைக்கும் சுற்றில் நின்றுகொண்டே மேட்டைச் சந்திக்கும். அச்சுப் பக்கம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பெல்ட்டின் மேல் பிடி இறுகும். சுமை வந்தவுடன் கீழ் விகிதத்துக்குத் திரும்புவதும் சட்டென்று நடக்கும். செலவும் அதிகமில்லை, ஸ்பிரிங் ஒன்று சில பத்து டாலர். வண்டியில் போடும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கிளட்ச் சக்தியை உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். அதன் ஆகக் கீழான விகிதம் கப்பிகளின் விட்டத்தால் ஆலையிலேயே தீர்மானமாகிவிட்டது. உலகின் எந்த ஸ்பிரிங்கும் அதற்குக் கீழே இறக்காது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுத்தர ஏற்றத்தில் தளராமல் பார்த்துக்கொள்வது ஸ்பிரிங்கால் முடியும். செங்குத்து மேட்டின் பாதியில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்பும்போது கிளட்ச் ஏற்கெனவே அந்த அடிமட்ட விகிதத்தில்தான் நிற்கிறது. பெல்ட் பிடிக்கும் நொடியில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருக்கும் என்ற சிறு உதவியைத் தவிர, அங்கே கிளட்சிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

பெரிய டயர் பறித்துக்கொள்வதோ துல்லியமாக அந்த அடிமட்ட இழுவையைத்தான். ஆலையிலிருந்து வரும் டயரின் விட்டம் 18 அங்குலம். காட்டுக்காகப் பலரும் விரும்பி வாங்குவது 22 அல்லது 23 அங்குலம். 18 இருந்த இடத்தில் 23 வந்தால் தரையில் கிடைக்கும் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது. ஓட்டுநர் கவனிக்காவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. விறைப்பான ஸ்பிரிங் போட்டு அதை ஈடுகட்டிவிட்டதாக நினைப்பவர் ஓட்டத்தில் கிடைத்த சுறுசுறுப்பை மட்டும் பார்க்கிறார். உண்மையான செங்குத்தில் எஞ்சின் உறும, பெல்ட் வழுக்க, அந்த வழுக்கலில் பிறக்கும் சூட்டில் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்துப் பிடி இழக்கும். அதன் பிறகு சமதரையிலும் வழுக்கும். இழந்த 22 சதவீதத்தை முழுதாகத் திருப்பித் தருவது அச்சுப் பெட்டிக்குள் போடும் குறைந்த விகிதப் பற்சக்கரங்கள் மட்டுமே, அது ஸ்பிரிங்கைப் போலச் சில்லறைச் செலவு அல்ல. 20 அங்குல டயரோடு நிறுத்திக்கொண்டால் இழப்பு பத்து சதவீதம். ஒழுங்கான பெல்ட்டும் ஒரு நல்ல ஸ்பிரிங்கும் சமாளிக்கக்கூடிய அளவு. 22 அங்குலத்தில் அது 18 சதவீதம். என்னைக் கேட்டால், பற்சக்கரத்தை மாற்றத் தயாரில்லாதவர் 20ஐத் தாண்டக் கூடாது.

இதுவரை சொன்னது வண்டி ஏறாமல் போவதைப் பற்றி. நின்றுபோன வண்டியால் யாருக்கும் பெரிய தீங்கில்லை. இறங்கும்போதுதான் கணக்கு கடுமையாகிறது. இந்த வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அச்சுப் பெட்டியில் இருக்கிறது. அது அச்சின் சுழற்சியை மட்டுமே அறியும், டயரின் அளவை அறியாது. ஆகவே 23 அங்குல டயர் மாட்டிய கணமே, யாரும் கவர்னரைத் தொடாமல், 24 கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட 31 ஆகிவிடுகிறது. வேகம் 28 சதவீதம் கூடினால் வண்டி சுமந்து வரும் இயக்க ஆற்றல் 63 சதவீதம் கூடும். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான், அதுவும் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக். அதன் பிடியும் பெரிய டயரால் அதே 22 சதவீதம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அதே மிதிப்பில் முழு வேகத்திலிருந்து நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு. 20 அங்குல டயரில் அதே கணக்கு 37 சதவீதக் கூடுதலோடு நிற்கிறது. கவர்னரும் இங்கே கைகொடுக்காது. அது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் குறைக்குமே தவிர, சரிவில் உருளும் வண்டியைப் பிடிக்காது.

ஸ்பிரிங் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத ஒரு பக்கமும் உண்டு. எஞ்சின் பக்கம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பெல்ட்டைப் பிடிப்பது தாமதமாகும் என்றேன். அதே காரணத்தால் விடுவது முந்திவிடும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பெடலிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் அணைந்துவிடும். இறக்கத்தில் சக்கரங்கள் பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றவைக்கும் வரைதான் எஞ்சின் தடையாக நின்று உதவும். விறைப்பான ஸ்பிரிங் அந்த உதவியை முன்கூட்டியே துண்டிக்கிறது. அதாவது ஏற்றத்துக்காகச் செய்த மாற்றம் இறக்கத்தில் வண்டியை அவிழ்த்துவிடுகிறது, மிச்சமிருப்பது அந்தப் பலவீனமான பின் டிரம்கள். அதனால்தான் மாற்றத்தின் பெரும்பகுதி அச்சுப் பக்க ஸ்பிரிங்கில் இருக்க வேண்டும் என்கிறேன். இறக்கத்தில் சுமை எதிர்த்திசையில் வருவதால் கேம் உதவாது. அப்போது பெல்ட்டை விளிம்பில் இறுக்கி வைத்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். அது விறைப்பாக இருந்தால் ஏற்றத்துக்கும் நல்லது, இறக்கத்துக்கும் நல்லது. எஞ்சின் பக்கத்தில் மாற்றம் சிறிதாகவே இருக்கட்டும். கடையில் கிடைப்பதிலேயே விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடிப் போக வேண்டாம்.

காட்டில் வேர்களும் கற்களும் இருக்கின்றன, அச்சு தரையிலிருந்து உயர வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உடலைத் தூக்கும் சாதனம் அச்சுப் பெட்டியை ஓர் அங்குலம்கூட உயர்த்தாது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 23 அங்குல டயர் அதை இரண்டரை அங்குலம் உயர்த்துகிறது, 20 அங்குலம் ஓர் அங்குலம். இந்த ஒன்றரை அங்குல வித்தியாசத்துக்காக வண்டியின் உடலையே ஆறு அங்குலம் தூக்கி, அகலம் குறைந்த ஒரு வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே கொண்டுபோகிறோம். பக்கச் சரிவில் அது கவிழ்ந்தால் தலைக்கு மேல் இருப்பது வெயிலுக்கான கூரை, உயிர்காக்கும் கூண்டு அல்ல. தவிர, பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினால் சுழற்சியெல்லாம் அதற்கே போய்விடும். எவ்வளவு உயரமான டயரும் எவ்வளவு நல்ல கிளட்சும் அங்கே வேலைக்காகாது. கல்லைச் சுற்றிக்கொண்டு போவது அந்த வண்டிக்குக் கௌரவக் குறைவும் அல்ல.

இன்னொரு தரப்பு, எஞ்சினையே மாற்றிவிடலாமே என்கிறது. வி வடிவ இரட்டை சிலிண்டர் எஞ்சின்களை இவற்றில் பொருத்துவது அங்கே பரவலான கலை, கைத்திறனை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பத்துக் குதிரைத்திறனுக்குப் போட்ட பெல்ட்டும் அச்சும் பிரேக்கும் அதே இடத்தில் இருக்கின்றன. கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கி வேகம் கூட்டுவது இதைவிட மலிவான, இதைவிட மோசமான வழி. அது இழுவையில் அணுவளவும் சேர்க்காது. எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்றவைத்து கனெக்டிங் ராடை முறிக்கும் அபாயத்தை மட்டும் சேர்க்கும். இவ்வளவு தொல்லைக்கு, காட்டுக்கென்றே செய்த, இருக்கைகள் அருகருகே உள்ள வண்டியை வாங்கிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. இருக்கைப் பட்டையும் கூண்டும் நான்கு சக்கர பிரேக்கும் உள்ள அந்தப் புது வண்டி எளிதாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும். வேட்டைக் காலத்தில் மட்டும் காட்டுக்குப் போகிறவர், பழைய கோல்ஃப் வண்டியை மெதுவாக ஓட்டச் சம்மதித்தால், அந்தச் செலவுக்கு அவசியமில்லை. மெதுவாக என்பதுதான் நிபந்தனை.

என் நிலம், என் வண்டி, என் கழுத்து என்ற வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். சொந்தப் பொருளைத் திறந்து திருத்தும் உரிமை மதிக்கத்தக்கது. ஆனால் கழுத்து எப்போதும் ஓட்டுநருடையதாகவே இருப்பதில்லை. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை வைத்துச் செய்த மதிப்பீட்டின்படி, 1990 முதல் 2006 வரை கோல்ஃப் வண்டிகளால் காயமடைந்தவர்கள் ஏறத்தாழ 1,48,000 பேர். அவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் 16 வயதுக்குட்பட்டவர். வண்டியிலிருந்து விழுவதோ குதிப்பதோதான் முதன்மைக் காரணம். கதவும் பட்டையும் இல்லாத, ஆலையில் 24 கிலோமீட்டருக்கு அளந்துவிட்ட இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், வண்டி 31இல் வளைவதைத் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே பழைய வண்டி வாங்கியவர் ஸ்பிரிங் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது அச்சுப் பக்கக் கப்பியில் பெல்ட் விளிம்போடு விளிம்பாக இருக்க வேண்டும். தேய்ந்து குறுகியிருந்தால் உள்ளே அமிழ்ந்திருக்கும். அப்படி அமிழ்ந்த வண்டி அடிமட்ட விகிதத்தையே எட்டாது, மேட்டில் திணறுவதற்கு அதுவே போதும். தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைக்க வேண்டும், உயவு போடுகிறேன் என்று கிரீஸ் தடவவே கூடாது. எஞ்சின் பக்க கிளட்சைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் மூடியைத் திறக்கும்போது பாயக்கூடியது. பெல்ட் மூடாமல் திறந்து கிடப்பதால் ஓடையைக் கடந்த பின் சிறிது நேரம் வழுக்கத்தான் செய்யும், அப்போது மேட்டில் ஏற முயல்வதைவிட ஈரம் உலரக் காத்திருப்பது பெல்ட்டுக்கு நல்லது. இத்தனையும் சரிசெய்து, அச்சுப் பக்க ஸ்பிரிங்கையும் மாற்றி, 18 அங்குல டயரோடு தன் தடத்தில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டால் எவ்வளவு இழுவை மிச்சமிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த மிச்சத்துக்குள் அடங்கும் டயரை வாங்கலாம். உடலைத் தூக்கும் சாதனத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தை, இப்போது கடைகளில் கிடைக்கும் முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குக் கொடுக்கலாம்.