புல்லட்டுக்குப் பெரிய பிஸ்டன் எதுக்குய்யா?

பழைய வார்ப்பிரும்பு புல்லட் இஞ்சினைப் பிரிச்சா போதும், "பெரிய பிஸ்டன் போடு, கம்ப்ரஷனை ஏத்து"ன்னு ஆளாளுக்கு உபதேசம். ஓட்டப்போறது காயல்பட்டினம் தெருவிலயும் தேரிக்காட்டு மணல்லயும்தானே?

அது காத்துல குளிர்ற இஞ்சின் சாமி! மணல்ல முதல் கியர்ல உறுமிக்கிட்டு ஊர்ந்தா காத்து எங்கேருந்து வரும்? சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். சொந்த அனுபவம், 2 கி.மீ. தள்ளிக்கிட்டு வந்தவன் சொல்றேன்.

70 மி.மீ. போருக்கு 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. அந்த நீள ஸ்ட்ரோக் இழுவையே மணலுக்குத் தாராளம். மிச்சக் காசை நல்ல ஏர் ஃபில்டர்ல போடுங்க. தேரியோட செம்மணல் உள்ளே போனா புது ரிங்கும் சிலிண்டரும் சேர்ந்து தேயும்.

முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் குறைச்சா இழுவை கூடும், ரோட்டு வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே, திருச்செந்தூர் போறதுக்கு 100 கி.மீ. வேகமா வேணும்? மெக்கானிக் காக்காகிட்ட சொல்லிட்டேன், பழைய அளவு பிஸ்டன்தான் :-)